சூடு எங்கே தடைபடுகிறது

பித்தளை டம்ளரில் ஊற்றிய காபி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியதைவிட நெடுநேரம் ஆறாமல் இருக்கும் என்று கும்பகோணத்தில் பலரும் உறுதியாகச் சொல்வார்கள். பித்தளை டபராவின் அழகையும் கையில் எடுத்தால் அது தரும் கனத்தையும் நானும் விரும்புகிறவன்தான். ஆனாலும் கல்லூரியில் வெப்பவியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், இந்த நம்பிக்கைக்கு இயற்பியலில் பெரிய ஆதாரம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு விரைவில் சூடேறும், எவ்வளவு விரைவில் ஆறும் என்பதை, அது எதனால் ஆனது என்று மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வெப்பம் உள்ளிருந்து வெளியே போகும் வழியில் எந்த இடத்தில் அதிகமாகத் தடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். காவிரிப் படுகையில் நாம் அன்றாடம் காணும் பலவற்றை, காபி முதல் களத்து நெல் வரை, இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பித்தளை எவர்சில்வரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் பித்தளை டம்ளரில்தானே காபி விரைவாக ஆற வேண்டும்? அதுவும் நடப்பதில்லை. டம்ளரின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அதைக் கடப்பது எந்த உலோகத்திலும் வெப்பத்துக்குப் பெரிய வேலை இல்லை. சுவருக்கு வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் கடப்பதுதான் கடினம். அந்தப் படலத்தின் தடை, எவர்சில்வர் சுவரின் தடையைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். வாய்க்காலில் பெரிய மதகு ஒன்றும் சிறிய மதகு ஒன்றும் அடுத்தடுத்து இருந்தால், வயலுக்கு வரும் நீரின் அளவைச் சிறிய மதகுதான் தீர்மானிக்கும். பெரிய மதகை இன்னும் அகலமாக்குவதால் கூடுதலாக ஒரு குடம் நீரும் வராது. உலோகத்தை மாற்றுவது பெரிய மதகை மாற்றுவதுதான். உலோகத்தின் வேறுபாடு நம் விரலுக்கும் உதட்டுக்கும் தெரியும், உள்ளே இருக்கும் காபிக்குத் தெரியாது. நன்றாகத் துலக்கிப் பளபளக்கும் பித்தளை, கறுத்துப்போன பித்தளையைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கதிர்வீசும் என்பது உண்மை. ஆகவே டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பதற்குக் கொஞ்சம் பலன் உண்டு.

சரி, டபராவில் ஆற்றும்போது மட்டும் காபி எப்படி அவ்வளவு சீக்கிரம் குடிக்கும் பதத்துக்கு வருகிறது? குளிர்ந்த டபரா சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிராம் நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்த 4.2 ஜூல் வேண்டும், பித்தளைக்கு 0.38 ஜூல் போதும். 85 பாகை செல்சியஸில் இருக்கும் 150 மில்லி காபியை, 30 பாகையில் இருக்கும் நூறு கிராம் பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றினால், பாத்திரம் குறைக்கும் சூடு மூன்று பாகைதான். அதுவும் முதல் முறை மட்டும். பாத்திரம் சூடேறிய பிறகு அதனால் ஆவது ஒன்றும் இல்லை. வேலையைச் செய்வது ஆவி. கையை உயர்த்தி ஊற்றும்போது காபி மெல்லிய தாரையாக நீள்கிறது. தாரையைச் சுற்றிலும் புதுக் காற்று படுகிறது. டபராவில் விழுந்து கொப்பளித்து, மறுபடி டம்ளருக்குப் போகும்போது அடியில் இருந்த சூடான பகுதி மேலே வந்து காற்றைத் தொடுகிறது. டம்ளரில் அசையாமல் இருந்தபோது டம்ளரின் வாய் அளவு வட்டத்தின் வழியே மட்டும் வெளியேறிக்கொண்டிருந்த ஆவிக்கு இப்போது பல மடங்கு பரப்பு கிடைத்துவிடுகிறது. அந்தச் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,300 ஜூல் எடுத்துக்கொண்டு போகும். ஒரு சிறு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் நீர் ஆவியாகிப் போனாலே மீதிக் காபியின் சூடு பதினெட்டுப் பாகை இறங்கிவிடும். ஆற்றி முடித்த பிறகு மேலே படியும் நுரை இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. காற்றுக் குமிழிகளால் ஆன அந்தப் போர்வை ஆவியையும் வெப்பத்தையும் தடுத்து, நாம் விரும்பிய சூட்டிலேயே காபியைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறது. நல்ல காபி மாஸ்டர் இவை இரண்டையும் ஒரே வீச்சில் செய்துவிடுகிறார். இந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆறும் வேகத்துக்கு முதன்முதலில் ஒரு விதி சொன்னவர் ஐசக் நியூட்டன். 1701இல் தம் பெயரைப் போடாமல் லத்தீனில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சீராக வீசும் காற்றில் வைத்து, அதன் மேல் வெவ்வேறு உலோகத் துணுக்குகளை இட்டு, அவை எந்தெந்த நேரத்தில் இறுகுகின்றன என்று குறித்ததாகச் சொல்கிறார். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள சூட்டு வேறுபாடு எவ்வளவோ அதற்கு ஏற்ற வேகத்தில் பொருள் ஆறும் என்பதே விதியின் சாரம். இதன்படி வேறுபாடு பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அந்தப் பாதி மறுபடி பாதியாகவும் அதே நேரம் ஆகும். 30 பாகை அறையில் 80 பாகைக் காபி பத்து நிமிடத்தில் 55 ஆனால், அடுத்த பத்து நிமிடத்தில் 42.5 ஆகும், முதல் பத்து நிமிடத்தில் 25 பாகை, அடுத்ததில் அதில் பாதி. இதே விதியை வைத்து அக்கினி நட்சத்திரத்தையும் மார்கழியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 38 பாகை வெயிலில் காபி 80இலிருந்து 60க்கு இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம், 22 பாகை மார்கழி விடியற்காலையில் எடுப்பதைப் போல் ஒன்றரை மடங்கு. சூடு மிக அதிகமாக இருக்கும்போது ஆவியாதலும் கதிர்வீச்சும் கூடிக்கொள்வதால் இந்த விதி அப்படியே பொருந்தாது. 1817இல் டூலாங், பெட்டி என்ற இரண்டு பிரெஞ்சு அறிவியலாளர்கள் அதை விரிவாகச் சோதித்துக் காட்டினார்கள். இருந்தாலும் வீட்டுக் கணக்குக்கு நியூட்டன் விதியே போதும்.

இதுவரை பார்த்தது வெளியே இருக்கும் தடை. விநாயகர் சதுர்த்தியன்று கொழுக்கட்டை தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இன்னொரு தடை இருப்பது தெரிந்திருக்கும். மேல்மாவு கைக்கு இதமாக ஆறியிருக்கும்; உள்ளே பூரணம் கொதிக்கும். காபியைப் போலப் பூரணத்தால் புரண்டு மேலே வர முடியாது. அதன் வெப்பம் மாவுக்குள் ஊர்ந்து ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். இங்கே வெளியே இருக்கும் காற்றின் தடையோடு உள்தடையும் சேர்ந்துகொள்கிறது. பொருள் பெரிதாகப் பெரிதாக உள்தடைதான் ஆட்சி செய்யும்.

தொட்டால் எவ்வளவு சுடும் என்பதையும் இதே உள்தடைதான் தீர்மானிக்கிறது என்பதைக் கோவில் பிரகாரத்தில் நண்பகலில் வெறுங்காலுடன் நடந்து தெரிந்துகொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோவிலைப் போன்ற கருங்கல் தளத்தில் வைகாசி வெயிலில் கால் வைத்தவர் ஓடத்தான் செய்வார். அதே வெயிலில் கிடக்கும் மரப்பலகையின் மேல் நின்றால் அவ்வளவு சுடாது. இரண்டும் 55 பாகையில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். கால் பட்டவுடன் தோலும் கல்லும் சந்திக்கும் இடத்தின் சூடு கணக்குப்படி ஏறத்தாழ 47 பாகைக்குப் போகும். மரத்தில் அது 38ஐ ஒட்டியே நிற்கும். காலுக்குக் கொடுத்த வெப்பத்தை ஈடுகட்ட, கல் தன் உள்ளிருந்து உடனுக்குடன் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மரத்தில் அந்த வரத்து மிக மெதுவானது. நம் தோல் பொருளின் சூட்டை அளப்பதில்லை, தனக்குள் வெப்பம் நுழையும் வேகத்தைத்தான் உணர்கிறது. பிரகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போடுவது வெயிலைக் குறைப்பதற்காக அல்ல, இந்த வரத்தைத் தடுப்பதற்காகத்தான். பகல் முழுதும் ஏறும் சூடு கருங்கல்லுக்குள் ஒரு சாண் ஆழம் வரை இறங்குகிறது. காய்ந்த மண்ணில் அதில் பாதி ஆழம்கூடப் போவதில்லை. மணல் அந்தி சாய்ந்ததும் குளிர்ந்துவிட, கல்தளம் மட்டும் இரவு பூஜை முடியும் வரை காலுக்கு வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான்.

மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12இல் திறக்கப்பட்டு, குறுவைக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு ஊரின் வெக்கை தணிவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரிசு நிலத்தில் பகல் வெயிலை ஏற்பது மேல்மண் மட்டும்; அது சட்டென்று கொதிக்கிறது. வயலில் ஐந்து சென்டிமீட்டர் நீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது லிட்டர். அந்த நீர் கிராமுக்குக் கிராம் மண்ணைப் போல் ஐந்து மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொண்ட பிறகே மண்ணின் அளவு சூடாகும். அதைவிட முக்கியமானது, அதே இடத்திலிருந்து ஒரு நாளில் ஐந்து லிட்டர் நீர் ஆவியானால், அங்கே விழுந்த வெயிலில் பாதிக்கு மேல் அந்த ஆவியோடு போய்விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்கும் நாகப்பட்டினக் கடற்கரையில், திருச்சியின் வறண்ட கோடையில் குளிரும் அளவுக்குப் பானை நீர் குளிராது.

உள்தடை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் இந்தப் பக்கத்தில் வேறு எனக்குத் தெரியாது. மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரியின் மென்மையான வண்டல் மண்ணை அதன் மேல் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் கனமாக மண் அப்பி, பிறகு வரட்டி மூட்டத்தில் சுட்டு மெழுகை உருக்கி வடித்துவிடுகிறார்கள். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றும்போது, மண் கூடும் சூடாகவே இருக்க வேண்டும் என்பதில் ஸ்தபதிகள் மிகுந்த கவனம் வைக்கிறார்கள். காரணம் எளிது. நடராசரின் விரல் நுனி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பீடம் பத்து சென்டிமீட்டர் கனம் இருக்கலாம். கூடு குளிர்ந்திருந்தால், உலோகம் விரல் நுனியைச் சென்றடையும் முன்பே வழியில் இறுகிவிடும். சிலை விரல் இல்லாமல் வந்து சேரும்.

வார்ப்பு இறுகும் நேரத்துக்கு 1940இல் செக் நாட்டுப் பொறியாளர் நிக்கோலாய் ஹ்வோரினோவ் ஒரு விதி கண்டார். வார்ப்பின் கனஅளவை அதன் மேற்பரப்பால் வகுத்து, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கினால், அதற்கு ஏற்றபடி இறுகும் நேரம் அமையும். உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்திவிடும். அதைச் சுற்றியிருக்கும் மண்ணுக்குள்தான் வெப்பம் மெதுவாக ஊர்கிறது. அப்படி ஊர்ந்து போகும் வெப்பத்துக்குத் தொலைவு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆகவே பத்து மடங்கு கனமான பகுதி இறுக நூறு மடங்கு நேரம் வேண்டும். விரல் ஒரு நிமிடத்தில் இறுகினால் பீடம் நூறு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒரே சிலையின் இரண்டு பகுதிகள் இவ்வளவு வேறுபட்ட நேரத்தில் இறுகும்போது, கடைசியில் இறுகும் இடம் சுருங்கி, ஈடுகட்ட உலோகம் கிடைக்காமல் குழி விழும், அல்லது மெல்லிய பகுதி விரிசல் காணும். சிலையைச் சூழ்ந்திருக்கும் மண்கூட்டை அவசரப்பட்டு உடைக்காமல், பெரிய உருவம் என்றால் நாள்கணக்கில் காத்திருப்பது இதற்காகத்தான். சோழர் காலத்திலிருந்து கை மாறி வந்திருக்கும் இந்தப் பொறுமையில் எவ்வளவு நுட்பமான வெப்பவியல் அடங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

இதே கணக்கைப் பூமிக்குப் போட்டவர்களும் உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன், பல அளவுகளில் இரும்புக் குண்டுகளைச் செய்து பழுக்கக் காய்ச்சி, அவை ஆறும் நேரத்தை அளந்து, உருகிய நிலையிலிருந்து இன்றைய நிலைக்குப் பூமி வர ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 1778இல் சொன்னார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், கல்லுக்குள் வெப்பம் ஊரும் கணக்கைக் கொண்டு 1862இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் வரை என்று கணித்தார். உண்மையில் பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். கெல்வினின் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. பூமிக்குள் எல்லா ஆழத்திலும் தடை ஒரே அளவு என்று அவர் எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் பாறை மிக மெதுவாகப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவருமானால், தடை வெளி ஓட்டில் மட்டும்தான் இருக்கும். அந்த ஓட்டுக்குப் பின்னால் மாபெரும் வெப்பக் கிடங்கு இருப்பதால் பல நூறு கோடி ஆண்டுகள் இந்தச் சூடு தாங்கும். அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெரி 1895இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார். கதிரியக்கம் தரும் வெப்பத்தை அறிந்தது அதற்குப் பிறகு. அவ்வளவு பெரிய அறிஞரின் விடையைப் பத்து மடங்குக்கும் மேல் விலகச் செய்தது, தடை எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு கேள்வி.

இனி நெல்லுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் அடிக்கடி ஒன்றாக வந்து சேர்ந்துவிடுகின்றன. இயந்திரத்தில் அறுத்த ஈர நெல் களத்தில் அம்பாரமாகக் கிடக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வழக்கமாக எடுக்க மாட்டார்கள். வரிசை நகர நாட்கள் ஆகும். பாபநாசம் பக்கத்தில் பயிர் செய்யும் என் அண்ணன் ஒரு காலையில் தார்ப்பாயை விலக்கி, "தம்பி, கையை உள்ளே விட்டுப் பாரு" என்றார். மேல் நெல் இரவுப் பனியில் குளிர்ந்து கிடந்தது. மணிக்கட்டு வரை விட்டபோது வெதுவெதுப்பு. முழங்கை வரை விட்டபோது, அடுப்பில் இருந்து இறக்கிய பானையின் வயிற்றைத் தொடுவதாகவே இருந்தது. கையை எடுத்தபோது உமி ஈரமாக ஒட்டியிருந்தது, புளித்த வாடை வந்தது. தார்ப்பாயின் உட்புறம் முழுக்க நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது.

நெல்மணி உயிருள்ளது. ஈரம் மிகுந்திருக்கும்போது அது மூச்சு விடுகிறது. தன் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக எரித்து வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. ஈரத்தில் பூசணமும் சேர்ந்துகொண்டால் இது இன்னும் கூடும். ஒவ்வொரு மணியும் தரும் வெப்பம் மிகச் சிறியது. தனியாகக் கிடந்தால் அது காற்றோடு போய்விடும். அம்பாரத்தின் நடுவில் அது போக வழியில்லை. உமியும் இடையில் சிறைப்பட்ட காற்றும் சேர்ந்த நெற்குவியல், மரத்தைவிடவும் மோசமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். கணக்குப் போட்டால், ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிய நெல்லில் சூடு ஊர்ந்து கடக்க ஏழு மணி நேரம் என்றால், அரை மீட்டர் கனத்துக்கு அதைப் போல் நூறு மடங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்குள் உள்ளே சேரும் சூடு மூச்சை வேகப்படுத்தும். வேகமான மூச்சு மேலும் சூட்டைத் தரும். அரிசி பழுப்பேறுவதும், முளைப்புத்திறன் போவதும் அப்போதுதான். ஈரத்துக்குப் பயந்து போடும் தார்ப்பாயும் ஆவி வெளியேறும் ஒரே வழியை அடைத்துவிடுகிறது.

இதில் விவசாயி செய்யக்கூடியது, கொஞ்சம்தான் என்றாலும், இருக்கிறது. குவியலின் உயரத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால், மூச்சால் நடுவில் ஏறும் சூடு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே ஒரே உயரமான அம்பாரத்தைவிட, தாழ்வாகவும் குறுகலாகவும் நீளமாகவும் இழுத்து வைப்பது எவ்வளவோ மேல். வெயில் ஏறிக் காற்று உலர்ந்தவுடன் தார்ப்பாயை முழுக்க எடுத்துவிட்டு, அடிநெல் மேலே வரும்படி கிளறிவிட வேண்டும். டபராவில் ஆற்றுவதன் பயன் இங்கேயும் கிடைக்கும். காய்ந்த நெல்லையும் வெயிலில் இருந்தபடியே சாக்கில் கட்டி அடுக்கிவிடாமல், நிழலில் ஆறவிட்டுக் கட்டுவது நல்லது. அடுக்கின் நடுவில் இருக்கும் மூட்டைக்குள் போன சூடு வாரக்கணக்கில் வெளியே வராது. மற்றவை விவசாயியின் கையில் இல்லை. கொள்முதல் நிலையங்களில் மேலே கூரையும் நான்கு பக்கமும் திறப்பும் உள்ள பெரிய களங்கள் வேண்டும். ஈர நெல்லுக்குள் காற்றைச் செலுத்தும் விசிறிகளும் குழாய்களும் வேண்டும். மழை வருவதற்கு முன்பே இவற்றைச் செய்து வைக்க வேண்டும் என்று எங்கள் பகுதி அதிகாரிகளிடம் நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதைப் படிக்கும் டெல்டாக்காரர்களும் தங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.